கடைசி வரிக்கு ஏற்ற லென்ஸ்

"இதுவா, அதுவா? எது தெளிவா இருக்கு?" என்று கேட்டபடியே கண்ணாடிக்கடை அக்கா லென்ஸை மாற்றிப் போடுகிறார். வந்தவர் கையிலிருக்கும் அட்டையைப் படிக்கிறார். "ம்... அப்புறம்?" என்று அக்கா நாற்காலியின் விளிம்புக்கே வந்துவிடுகிறார். கண் சோதிப்பவருக்கு இவ்வளவு ஆவல் ஆகாதுதான். ஆனால் அட்டையில் இருப்பது கவிதை ஆயிற்றே!

கண்ணாடிக்கடைகளில் இப்படி ஓர் அட்டை உண்டு. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து, உப்புச் சப்பில்லாத வாக்கியங்கள். அக்கா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகளை அதே அளவுகளில் அச்சடித்து வைத்திருக்கிறார். கடைசி வரி எப்போதும் பொடியிலும் பொடி. "அதைப் படிக்கணும்னா லென்ஸ் சரியா இருக்கணும். சும்மா கிடைச்சிடுமா?"

ஆங்கிலக் கவிதை நமக்கெதற்கு என்று ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். "இங்கிலீஷ்தாங்க. ஆனா வீட்டுச் செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்குது பாருங்க! மாமியார் கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்கிறதைப் பத்தி நாலே வரி. அப்படியே எங்க வீட்டு சமையக்கட்டு!" சொல்லும்போதே கையிலிருந்த துடைக்கும் துணி பறந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. கண் நன்றாகத் தெரிந்தும் மாதம் ஒருமுறை சோதனைக்குப் போய் உட்காருகிறேன்.

போன வாரம் வந்தது வினை. எதிர்க்கடை மருந்துக்காரர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். "அக்கா, மாத்திரை அட்டையில ஒரு எழுத்தும் தெரியல. உங்க கவிதை மட்டும் கடைசி வரி வரைக்கும் பளிச்சுன்னு வந்துச்சே!"

வராமல் என்ன? காத்திருந்த நேரத்தில் பிறர் படிக்கக் கேட்டுக் கேட்டே அவருக்கு மனப்பாடம். கண்ணால் படிக்காமல் ஒப்பித்திருக்கிறார். அவர் சொன்ன அழகில் சொக்கிப்போய், அக்கா பவரைக் குறைத்து எழுதிவிட்டார்.

அந்தக் கடை, அக்காவின் அண்ணனுடையது. கடை நிறையக் கண்ணாடி இருந்தும், தனக்கு வயதாகவில்லை என்று செய்தித்தாளைக் கைநீட்டிப் படிப்பவர். "மருந்து மாத்திக் குடுத்திருந்தா என்னம்மா ஆகியிருக்கும்? போதும் உன் கவிதை. பழைய அட்டையை எடு."

அக்காவின் முகம் வாடிப்போனது. "தப்பு என்னோடதுதாண்ணா. ஆனா இவர் கேட்டே இருக்காத கவிதை ஒண்ணு இருக்கு. அதை வெச்சு சரியா பாத்துடறேன். அப்பவும் வேணாம்னா நானே கிழிச்சுப் போடுறேன்."

புது அட்டை வந்தது. ஓய்வுபெற்ற மறுநாளும் அதே நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் ஓர் அப்பாவைப் பற்றியது. மருந்துக்காரர் பாதியில் நின்றார். "இதுக்குக் கீழ எறும்பு ஊருது." அவர் மூக்கில் மாட்டியிருந்த சோதனைச் சட்டத்தில் அக்கா ஒரு லென்ஸை மாற்றினார். இன்னும் இரண்டு வரி. மறுபடி ஒன்று. கடைசி வரியை அவர் மனசுக்குள் படித்தார். "அடடா!" என்றார்.

"என்ன? என்னதான் போட்டிருக்கு?" அண்ணன் அட்டையைப் பிடுங்கினார். கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். கைக்கு அதற்குமேல் நீளமில்லை.

அக்கா மருந்துக்காரரின் மூக்கிலிருந்து சட்டத்தைக் கழற்றி, அண்ணன் மூக்கில் மாட்டினார்.