புகைக்கூண்டுக்கு ஒரு பக்கம்

எங்கள் அக்கா டைல்ஸ் கம்பெனியில் ஆண்டறிக்கை எழுதுகிறவள். சட்டம் கேட்கிற பக்கங்களை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். சட்டம் கேட்காத பக்கங்கள்தான் அக்காவின் பிழைப்பு: மரக்கன்று நட்டது, கண் மருத்துவ முகாம் வைத்தது, இப்படி. மண்வெட்டியை அவளுடைய முதலாளி மாதிரி பிடிக்கத் தெரியாமல் பிடிக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஆறு வருடமாக அட்டையில் அவர்தான்.

நான் குடியிருப்பது கம்பெனிக்குப் பின்தெரு. புகைக்கூண்டில் வடிகட்டி ஓடாத நாளில் எங்கள் கொடியில் காயும் துணியெல்லாம் கறுத்துப் போகும். போய்ச் சொன்னால் ரோட்டுத் தூசி என்பார்கள். ஒரு தடவை, முகாமுக்கு வந்து கண்ணைக் காட்டுங்கள் என்றே சொல்லி அனுப்பினார்கள்.

அக்காவுக்கு உண்மை தெரியும். வடிகட்டி நின்ற நாட்களைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி வருடா வருடம் முதலாளியிடம் நீட்டுவாள். அவரும் வருடா வருடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "இதை யாரும்மா கேட்டாங்க?" வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் மரத்தைக் கேட்டார்கள், மரம் வந்தது. பங்குதாரர்கள் பெரிய படம் கேட்டார்கள், படம் பெரிதானது. புகையை ஒருவரும் கேட்கவில்லையாம்.

இந்த வருடம் அக்கா என் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். "கேட்டா போடறேன்னுதானே சொல்றாரு. கேளுங்களேன்டி," என்றாள்.

தெருப் பெண்கள் எல்லாரும் என் வீட்டில் கூடிக் கேட்டோம். இரண்டே நாளில் முப்பத்திரண்டு கடிதம். எழுத எழுத உற்சாகம் தலைக்கேறி, வீட்டிலிருந்த தாளெல்லாம் தீர்ந்துபோனது. பிள்ளைகள் படம் வரைய அக்கா ஆபீஸிலிருந்து கொண்டுவந்து போடும், ஒரு பக்கம் அச்சான வீண் தாள்கள் ஒரு கட்டு இருந்தது. வெற்றுப் பக்கத்தில் எழுதித் தள்ளினோம். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒரு மகராசியும் திருப்பிப் பார்க்கவில்லை. இருந்தது, முதலாளி தள்ளிவிட்ட அதே புகைக்கூண்டுப் பக்கம்.

கடிதங்கள் போய்ச் சேர்ந்த நேரம், வெளிநாட்டுக் கம்பெனியின் பிரதிநிதி அம்மா முதலாளியின் அறையில் உட்கார்ந்திருக்கிறார். அறிக்கையைக் காட்ட அக்காவும் பக்கத்தில். கட்டைப் பார்த்ததும் முதலாளிக்கு வாயெல்லாம் பல். கண் முகாமுக்கு நன்றி சொல்லித் தெருவே எழுதியிருக்கிறது என்று, பிரிக்காமலேயே அந்த அம்மாவிடம் பாதியை அள்ளிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா ஒரு பக்கம் படித்தார். திருப்பினார். மறுபக்கமும் படித்தார்.

"இந்தப் பக்கம் உங்க அறிக்கையில எங்க இருக்குங்க?"

முதலாளி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தன் வேலை போய்விட்டது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாளாம். பிறகு அவர் கண் இமைக்காமல், "அச்சுல இருக்குங்க," என்றார்.

அந்த அம்மா போனதும் கதவைச் சாத்தினார். எழுதச் சொன்னது நீதானா என்று கேட்டார். அக்கா ஆமாம் என்றாள். மறைத்து என்ன பயன், தாளே காட்டிக்கொடுத்துவிட்டதே. அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, எதிர்க் கம்பெனிக்காரன் அறிக்கையில் இப்படிப் பக்கம் உண்டா என்றார். இல்லை என்றாள்.

"அப்ப அட்டைக்கு அடுத்த பக்கமே போடும்மா."

புத்தகம் வந்த அன்று தெருவே என் வீட்டு வாசலில். வடிகட்டி ஓடாத நாட்கள் பதினொன்று, தேதியோடு. ஒவ்வொரு தேதியையும் சத்தமாகப் படிக்கப் படிக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு துணி ஞாபகத்துக்கு வந்தது. சிரித்துச் சிரித்து விலா வலித்தது. நாங்கள் பொய் சொல்லவில்லை என்று அச்சில் பார்த்ததும் எனக்கு அழுகையும் வந்துவிட்டது.

அக்கா என்னை இழுத்துக் காதோடு சொன்னாள். "அழாதடி. பன்னெண்டாவதா ஒரு நாள் இருந்துச்சு, அதை மட்டும் அடிச்சுட்டாரு. எந்த நாள்னு நீங்களே கண்டுபிடிச்சுக் கேளுங்க."