படத்துப் பிள்ளைகளுக்கு வைத்த பொட்டு

இன்றைக்குக் கேட்டாலும் அதில் என் பிழை பாதிதான் என்று சொல்வேன். மீதிப் பாதி அம்மாவுடையது. கண்ணூறு என்றால் என்ன, அது பிள்ளைகளை எப்படிப் பிடிக்கும், அதற்குக் கன்னத்தில் கறுத்த பொட்டு ஏன் வைக்கவேண்டும் என்றெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே.

ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில், எங்கள் பக்கத்து வீட்டில் சீன அன்ரி இருந்தார். நடுவில் ஒரு மரவேலிதான். அம்மா வடை சுட்டால் அந்தப் பக்கம் போகும். அவர் கொழுக்கட்டை மாதிரி ஒன்று அவித்தால் இந்தப் பக்கம் வரும். அவருடைய ஊர் சீனாவின் உட்புறத்தில் ஒரு கிராமம். அங்கே வயலில் கமம் செய்கிற சனமெல்லாம் படமும் கீறும் என்று அவர் சொல்லச் சொல்ல அம்மாவுக்கு ஆசை பிடித்துவிட்டது. ஒரு செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு அவர் ஊருக்குப் புறப்பட, அம்மாவும் நானும் ஒரு வயதுகூட ஆகாத தம்பியும் கூடவே ஒட்டிக்கொண்டோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதைப் பெரிய துக்கமாகக் காட்டிக்கொண்டார். ஆனால் விமான நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டு அவர் போன வேகத்தை நான் பார்த்தேன்.

அம்மாடி, என்ன ஊர் அது! வீட்டுச் சுவரெல்லாம் படம். சேவல், பூசணிக்காய், கல்யாண ஊர்வலம், சோளம் காயப்போடுகிற பெண்கள். காலையில் மண்வெட்டி பிடித்த கை மத்தியானம் தூரிகை பிடிக்கும். நாங்கள் தங்கியது சீன அன்ரியின் அக்கா வீட்டில். அவரை நான் பெரிய அன்ரி என்று கூப்பிட்டேன். மா உருட்டுகிற மேசையிலேயே அவர் படமும் கீறுவார். நிறங்களெல்லாம் சோற்றுக் கிண்ணங்களில் இருக்கும். எங்கள் பள்ளிக்கூட ரீச்சர், படத்தில் கொஞ்சம் வெறும் இடம் விடு, விடு என்று உயிரை வாங்குவார். பெரிய அன்ரிக்கோ வெறும் இடத்தைக் கண்டாலே ஆகாது. ஒரு விரற்கடை மிஞ்சினாலும் அதில் ஒரு பூவையோ கோழிக்குஞ்சையோ உட்கார்த்திவிடுவார். எனக்கு அந்த மனுசியை அதனாலேயே பிடித்துப்போய்விட்டது.

அப்போது அவர் கையில் இருந்தது ஒரு பெரிய படம். அறுவடைக் களம் ஒன்று, அதைச் சுற்றி இருபதுக்கு மேல் குழந்தைகள், எல்லாம் கொழுகொழுவென்று. ஆறு மாத வேலை. நாங்கள் போன நான்காம் நாள், பக்கத்து நகரத்துக் கண்காட்சிக்கு அதை ஏற்றிக்கொண்டு போக வண்டி வருவதாக இருந்தது. மிஞ்சியிருந்த ஒரே இடைவெளியில், பூசணிக்காய் ஒன்றின்மேல் உட்கார்ந்தபடி, எங்கள் தம்பியைக் கீறிவிட்டார்.

வினை அங்கேதான் தொடங்கியது. அயலட்டைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, படத்தில் இருந்த தம்பியின் கன்னத்தைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பாஷை விளங்காவிட்டாலும் புகழ்ச்சி எனக்கு விளங்கும். அந்த வருடம்தான் ஆக்லாந்தில், பாபடோயிட்டோய் பக்கம் ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லோரும் தம்பியைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சினார்கள். மறுநாளே அவனுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். பொட்டு வைக்க மறந்துபோனேனே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். உண்மையான தம்பிக்கு அம்மா தினமும் பொட்டு வைத்தார், சரி. படத்துத் தம்பிக்கு யார் வைப்பது? அவனை நகரத்தில் ஆயிரம் பேர் பார்க்கப் போகிறார்களே!

நான்காம் நாள் மத்தியானம், பெரியவர்கள் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கறுப்பு நிறக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துத் தம்பியின் இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். நல்ல வட்டமாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் வாத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை என்னையே பார்த்தாள். என் தம்பியை மட்டும் காப்பாற்றிவிட்டு இவளை விடுவதா? இவளுக்கும் வைத்தேன். பிறகு ஊஞ்சல் ஆடுகிறவனுக்கு, பட்டம் விடுகிற இரண்டு பேருக்கு, அப்படியே எல்லோருக்கும். கடைசியில் கன்றுக்குட்டிக்கும் ஒன்று. அதுவும் சின்னப்பிள்ளைதானே.

வண்டி வந்தது. படத்தை எடுக்க எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

"ஐயோ கடவுளே! ஆர் பார்த்த வேலை இது?"

அம்மாவின் சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் எழும்பிப் பறந்தன. ஆர் என்று கேட்கத் தேவையே இல்லை, என் விரல் கறுப்பாக இருந்தது. கண்ணூறு படக்கூடாதென்றுதான் வைத்தேன் என்றேன். "வண்டி போகட்டும், உனக்கு இருக்கு," என்றார் அம்மா. பாவம், அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு மாத உழைப்பில் மகள் மை பூசிவிட்டாளே என்று நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், சீன அன்ரியிடம் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். சீன அன்ரி அதைத் தங்கள் பாஷையில் அக்காவிடம் சொன்னார்.

பெரிய அன்ரி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அது சீன அன்ரி வழியாகச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது. பிள்ளை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தாலும் இந்தப் பொட்டு வேலை செய்யுமா?

"ஓம், எங்கை இருந்தாலும் வேலை செய்யும்," என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மருந்துபோல.

பெரிய அன்ரி சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். வண்டிக்காரரும் சிரித்தார். பிறகு பெரிய அன்ரி என் விரலைப் பிடித்து மறுபடி கறுப்பில் தோய்த்துப் படத்தின் மேல்மூலைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு தெரு, அதில் தோளில் பையோடு ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். நான் விரலை இழுத்துப் பார்த்தேன்.

"அன்ரி, இது பெரிய ஆள். பெரிய ஆக்களுக்கு வைக்கிறேல்லை," என்றேன்.

சீன அன்ரி அதையும் சொன்னார். பெரிய அன்ரி தலையாட்டினார், ஆனால் விரலை விடவில்லை. வைப்பதென்றாலும் எங்கே வைப்பது? கன்னமே தெரியவில்லை. கடைசியில் அவரே என் விரலை அவன் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினார், கொஞ்சம் அதிகமாகவே. அது தெற்கே தொழிற்சாலை வேலைக்குப் போன அவருடைய ஒரே மகன் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் நான் அறிந்தேன். சீன அன்ரி அம்மாவின் காதில் அப்போதே மெல்லச் சொல்லியிருக்கிறார்.

படம் பொட்டுகளோடேயே கண்காட்சிக்குப் போனது. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் சனம் அதன் முன்னால்தான் கூடி நின்று சிரித்ததாம்.

வண்டி மறைந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டார். அடி நிச்சயம் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போனேன். அவரோ என்னை இழுத்து அணைத்து உச்சியில் கொஞ்சினார். அவருடைய முகம் ஈரமாக இருந்தது. இதுதான் சமயம் என்று நான் முறைப்பாட்டை எடுத்துவிட்டேன். பெரிய அன்ரிக்குப் பொட்டு வைக்கிற முறையே தெரியவில்லை, வளர்ந்த ஆளுக்குப் போய் வைக்கிறா, அதுவும் காதுக்குப் பின்னால்.

"ஓம் பிள்ளை, அவவுக்குத் தெரியாதுதான்," என்றார் அம்மா.

பிழை முழுதும் பெரிய அன்ரியின் தலையில் விழுந்துவிட்டது, நான் தப்பிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் கோழிகளைத் துரத்த முற்றத்துக்கு ஓடினேன்.