பம்ப் இறங்காத விளக்கு

நான் மெக்கானிக் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் என்னைத் தவிர எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. எனக்கு ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் ஸ்டோர் கிளார்க் வேலை. ஸ்பேனர் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், திரும்பி வந்தால் துடைத்து ஆணியில் மாட்டுவேன். பத்து வருஷம் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவனுக்கு அதைத் திருகவும் தெரியும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். என் மனைவி அப்படி முடிவு கட்டவில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த பிறகு வந்த முதல் பொங்கல் அது. போகிக்கு நான்கு நாள் இருக்கும்போது, பக்கத்து வீட்டு மாக்சிக் ஒரு பழைய பெட்ரோமாக்ஸ் பம்ப் விளக்கைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். மாக்சிக் என்றால் மலாயில் அத்தை. பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட வணிகர் வழி வந்த மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண்மணி அவர். மலாய்ப் பெண்கள் மாதிரி சாரோங் கெபாயா உடுத்துவார், நெற்றியில் திருநீறு வைப்பார், மாரியம்மனைக் கும்பிடுவார், பேசுவதெல்லாம் மலாய். தமிழில் ஏழெட்டுச் சொல் வரும். அதில் ஒன்று தம்பி, என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் மலாயில் சொன்னதையெல்லாம் இங்கே நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

“தம்பி, இது எரியணும். போகியன்னிக்கு எரிஞ்சே ஆகணும்” என்றார்.

செட்டி வீடுகளில் போகிக்குப் பார்ச்சு வைப்பார்கள். இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, கும்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். இறந்தவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. உயிரோடு இருக்கிற யாரும் அப்போது உள்ளே போகக் கூடாது. மாக்சிக்கின் கணவர் போன வருஷப் பார்ச்சுக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார், அடுத்த மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் போகிக்குத்தான் அவருக்கு முதல் இலை. தெருவுக்குக் கரண்ட் வந்தும் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்தி சாய்ந்தால் அந்த விளக்குதான் வீட்டுக்கு வெளிச்சம், அதைத் துடைத்ததும் ஏற்றியதும் கணவர் ஒருவர்தான்.

“சிம்னி விளக்கு வெளிச்சத்துல சோறு போட்டா, வீடு மாறி வந்துட்டோம்னு திரும்பிப் போயிருவாரு” என்றார் மாக்சிக்.

சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. “இவ்வளவுதானே, நாளைக்கே எரியும்” என்று சொல்லிவிட்டேன். அடுப்படியில் என் மனைவி இருமினாள்.

கோளாறு என்னவென்றால், பம்ப் கைப்பிடி கீழே இறங்க மறுத்தது. இந்த விளக்கின் டேங்குக்குள் ஒரு பம்ப் குழாய் உண்டு, குழாயின் அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு வால்வு. பம்ப் அடிக்கும்போது காற்றை உள்ளே விட வேண்டும், திரும்ப வெளியே விடக் கூடாது. வேறு உத்தியோகம் அதற்குக் கிடையாது. காற்று உள்ளே போனால்தான் மண்ணெண்ணெய் மேலே ஏறும், மேண்டில் எரியும். இந்த வால்வோ இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முதல் நாள், ஸ்டோரிலிருந்து நீளமான திருப்புளி ஒன்றை எனக்கு நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டு வந்தேன். பம்ப் கைப்பிடியை உருவிவிட்டுக் குழாய்க்குள் விட்டு, வால்வின் தலையில் வெட்டியிருந்த காடியில் பொருத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். வால்வு அசையவில்லை. திருப்புளி வழுக்கிக் காடியின் ஓரம்தான் பெயர்ந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

“எந்த மடையன்யா இதுக்குள்ள பசைய ஊத்துனது? இருந்தவரைக்கும் அந்த மனுஷன் என்னத்த ஊத்தி வெச்சாரோ, வெளக்கெண்ணெயோ கோந்தோ தெரியலையே” என்று கத்தினேன்.

மாக்சிக் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம் எனக்கு.

இரண்டாம் நாள் பட்டறை ஃபோர்மனிடம், தீயில் சூடு காட்டினால் கழன்றுவிடுமா என்று கேட்டேன். அவர் பேசுவதற்கு முன் பீடியை அணைத்தார்.

“மண்ணெண்ணெய் இருந்த டேங்க்ல தீயக் காட்டப் போறியா? ஈயப் பத்து உருகி அடி தனியா வந்துரும். அதுக்கு முன்னாடியே நீ தனியாப் போயிருவ. போகிக்கு ஒனக்கும் சேத்து ஒரு எலை போடச் சொல்லிரு.”

திருப்புளி நுனியை அரத்தால் ராவிக் காடிக்குச் சரியாக உட்காரும்படி செய்துகொள் என்றும் சொன்னார். ராவினேன். கட்டை விரலையும் கொஞ்சம் ராவிக்கொண்டேன். குழாயில் மண்ணெண்ணெயை ஊற்றி மறுநாள் வரை ஊறவிட்டேன். திருப்புளி இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது. வால்வும் அதைவிடக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“இது ஊறுகாய் பாட்டில் இல்ல.”

“தெரியுது. பாட்டில் வெந்நீர்ல வெச்சா அஞ்சு நிமிஷத்துல திறந்துக்குது. இது மூணு நாளா உங்கள வேடிக்கை பாக்குது.”

அவள் புது மேண்டில் வாங்க ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும் நான் அடுப்பில் தண்ணீரை வைத்தேன்.

வெந்நீரைப் பேசினில் ஊற்றி விளக்கை அதில் நிறுத்தினேன். ஆறியதும் இன்னொரு கெண்டி ஊற்றினேன். கோபப்படாமல், முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை, பிறகு கழற்றுகிற பக்கமாக ஒரு மயிரிழை. அப்படியே ஏழெட்டுத் தடவை செய்திருப்பேன். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, திருப்புளி சுற்றியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே ஆடியிருப்பேன், ஆனால் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“யாரக் குளிப்பாட்டுறீங்க?” என்றாள்.

விளக்கைக் கவிழ்த்து வால்வை உள்ளங்கையில் தட்டினேன். துருவே இல்லை. மஞ்சளாக ஏதோ சிமெண்டு மாதிரி காய்ந்து அப்பியிருந்தது, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. வெந்நீரின் சூட்டில் அதிலிருந்து வாசனை கிளம்பியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகர்ந்தோம். சந்தனம்.

“வெள்ளிக்கிழமை” என்றாள் மனைவி மெதுவாக.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்களுக்கும் மாக்சிக்குக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர். ஒரு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பக்கம் ‘புஸ், புஸ்’ என்று இரண்டு தடவை சத்தம் கேட்கும், விளக்கு மட்டும் எரியாது. கடைசியில் அந்தச் சத்தமும் நின்றுபோனது. மாக்சிக் வெள்ளிதோறும் விளக்கைத் துடைத்து, பம்ப் மூடியின் உச்சியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். அந்த உச்சியில்தான் காற்று இழுக்கும் ஓட்டை இருக்கிறது. தோல் வாஷர் காயாமல் இருக்கக் கணவர் அதில் எண்ணெய் விடுவார், அதைப் பார்த்து இவரும் எண்ணெய் விட்டிருக்கிறார். பிறகு கணவர் அடிக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை பம்ப் அடித்திருக்கிறார். சந்தனம் எண்ணெயில் குழைந்து வாரா வாரம் கீழே இறங்கி வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது.

நான் திட்டியதோ செத்துப்போன மனுஷனை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“துருன்னு சொல்லிருங்க. வேற எதையாச்சும் ஒளறுனீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு” என்றாள் மனைவி.

மாக்சிக்கிடம் துரு என்றே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வால்வை ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்தேன். உள்ளே இருந்த குட்டி ரப்பர் பொடிந்துபோயிருந்தது. பட்டறையில் கிடந்த கிழிந்த பஸ் டியூபிலிருந்து பயறு அளவு வெட்டி வைத்தேன். பஸ்ஸைத் தாங்கியது விளக்கைத் தாங்காதா என்று வீரமாகச் சொல்லிக்கொண்டேன்.

போகியன்று சாயங்காலம் விளக்கு எரிந்தது. மாக்சிக் வீடு முழுக்க வெள்ளையாக வெளிச்சம், பழைய இரைச்சல். கணவர் இலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, மீன் குழம்பு, ஒரு கோப்பை பால் விடாத கோப்பி ஓ, இரண்டு சிகரெட். எல்லோரும் கும்பிட்டு வெளியே வந்தோம். மாக்சிக் மட்டும் கொஞ்சம் பின்தங்கி, இலைக்கு முன்னால் குனிந்து என்னவோ முணுமுணுத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.

அப்போதுதான் எனக்கு அந்த ரப்பர் ஞாபகம் வந்தது. பஸ் டியூப் காற்றைப் பிடிக்காவிட்டால் விளக்கு மங்கும். மங்கினால் போய்ப் பம்ப் அடிக்க முடியாது. வீடு மாறி வந்துவிட்டோம் என்று மனுஷன் திரும்பிப் போய்விடுவார். செத்தவர் வருவதையெல்லாம் நம்பாத ஆள் நான். ஆனாலும் கதவடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டை விட்டு என் கண் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு லேசாகப் பழுத்த மாதிரி இருந்தது. எழுந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“மூச்ச விடுங்க மொதல்ல” என்றாள்.

மாக்சிக் கதவை மூன்று தடவை தட்டினார். நேரமாகிவிட்டது, உள்ளே வரப்போகிறோம் என்று இறந்தவர்களுக்குச் சொல்கிற தட்டல் அது. திறந்தார். விளக்கு கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. ஆனால் எரிந்துகொண்டிருந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.

“தம்பி” என்றார் மாக்சிக் விளக்கைப் பார்த்துக்கொண்டே. “துருவுக்குச் சந்தன வாசனை வருமா?”

நான் மனைவியைப் பார்த்தேன், அவள் விளக்கைப் பார்த்தாள்.

“பலகைச் சுவர் எனக்கும்தான இருக்கு. வாசனை வந்துச்சு. மடையன்னு நீ ஏசுனதும் புரிஞ்சுச்சு, அந்தத் தமிழ் எனக்கு நல்லாத் தெரியும். பாவம், அவரப் போய் ஏசிட்ட. நான்தான் செஞ்சேன்னு இப்பத்தான் எலைக்கு முன்னால அவருகிட்டச் சொல்லிட்டு வந்தேன்.”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ, முட்டாள், “அவர் என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“வெளிச்சம் கொறையுது, பம்ப் அடின்னாரு” என்று சொல்லிவிட்டு, மாக்சிக் சாரோங்கைச் சுருட்டிக்கொண்டு விளக்குக்கு முன்னால் மண்டியிட்டு, கைப்பிடியை அழுத்தினார். பம்ப் இறங்கியது.