கிரேஸுக்கு வாங்கிய கார்டு

“இந்தப் பிளாஷ் வேண்டாம். இது எங்கெங்க போயிட்டு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்” என்று கிரேஸ் அதை ஒற்றை விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

பெத்துராஜ் சிரித்தான். மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை ஆல்பம், பேட்டரி, பேப்பர் என்று பெரிய பையோடு வந்து போடியில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்குகிறவன். பையிலிருந்ததையெல்லாம் இன்று ஜெபகுமாரின் மேசைமேல் பரப்பியிருந்தான்.

“பழசுன்னாலும் நல்லாத்தானக்கா அடிக்குது?”

“நல்லா அடிக்கும். யாரு மூஞ்சில அடிச்சுச்சுன்னு உங்க அண்ணங்கிட்டக் கேளு.”

ஜெபகுமார் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக் காலை சபையிலிருந்து முப்பது பேர் எருசலேமுக்குக் கிளம்புகிறார்கள். அவரும் மனைவி கிரேஸும் அதில் இருவர். பன்னிரண்டு நாள். போடியைத் தாண்டி அவர் அதிகம் போனது திருச்சி வரைதான்.

புதுப் பிளாஷ் ஒன்றை எடுத்து வைத்தார்கள். பழையதைப் பெத்துராஜ் விலையில் கழித்து எடுத்துக்கொண்டான். தோள்வாரும் பையும் புதிது. பேட்டரி இரண்டு. அந்த ஊர் பிளக்குக்குப் பொருந்துகிற சொருகி ஒன்று.

“அங்க மணல்காத்துண்ணே. லென்சு முன்னால இந்தக் கண்ணாடிய மாட்டிக்கங்க. கீறல் விழுந்தாலும் இதோட போயிரும். ஸ்டாண்டு?”

“அதத் தூக்கிட்டு அலைய நான் வரல” என்றாள் கிரேஸ். கேமராவை வெகு நேரம் பார்த்தாள்.

“அதையும் மாத்தச் சொன்னீன்னா எருசலேமுக்கு நடந்துதான் போகணும்” என்றார் ஜெபகுமார்.

“சரி, அது இருக்கட்டும். உள்ள போடுறதுதான் முக்கியம்.”

பெத்துராஜ் பழைய மெமரி கார்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். “இது எப்ப வேணும்னாலும் கைய விரிச்சிரும்ணே.” புதியதை நீட்டினான். கிரேஸ் வாங்கி உறையைத் தானே கிழித்தாள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கேமராவில் போட்டார்கள்.

“புதுக் கார்டுன்னாலும் படத்தோட நம்பர் பழசுலருந்துதான் ஓடும்க்கா. பாருங்க, நாலாயிரத்துச் சொச்சம்.”

“அதுவும் வேண்டாம். ஒண்ணுலருந்து வரணும்.”

அவன் எதையோ திறந்து எதையோ அழுத்தினான். எண்கள் போயின. கிரேஸ் குனிந்து பார்த்தாள்.

“இப்ப மொதப் படம் நாந்தான?”

“நீதான்” என்றார் ஜெபகுமார்.

“நாளைக்கு ஏர்போர்ட்டு வாசல்ல எடுங்க. நிக்கிறேன்.”

இதைக் கேட்க அவர் இருபத்தாறு வருஷம் காத்திருந்தார்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம், சிலமலைப் பக்கத்தில் ஒரு கிணறு. சந்தேகச் சாவு என்றால் போலீசுக்குப் படம் வேண்டும். ஸ்டேஷனில் கேமரா கிடையாது, ஸ்டுடியோக்காரனைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் மற்றவர்கள் ஏதாவது காரணம் சொல்வார்கள். ஜெபகுமாருக்குச் சொல்லத் தெரியாது. அன்று ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். முழு உடம்பு, முகம், கை, நாலு பக்கம் என்று இருபத்தோரு படம் ஆயிற்று. சுருளில் இன்னும் பதினைந்து பாக்கி. சுருளை வீணாக்கக் கூடாது என்பது தொழில் பழக்கம். வீட்டுக்கு வந்தவர், மல்லிகை வைத்துக்கொண்டு வாசலில் நின்ற கிரேஸை அந்தப் பதினைந்திலும் எடுத்தார். மதுரையில் கழுவி, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினார்கள். பிரித்தவள் கிரேஸ். சின்னப் பிள்ளையின் முகத்துக்கு அடுத்த படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உறையை மூடி வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அதன் பிறகு அவர் கேமராவைத் தூக்கினால் எழுந்து உள்ளே போய்விடுவாள். மகள் ஜெனியின் கல்யாணத்துக்குத் தேனியிலிருந்து ஆள் வந்து எடுத்தான். ஜெபகுமார் சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாஸ்போர்ட்டுப் படத்துக்கும் கிரேஸ் எதிர்க்கடைக்குத்தான் போனாள். “சொந்தக் கடைச் சோறு எறங்காது போல” என்று எதிர்க்கடைக்காரன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

சாயங்காலம் நாலரைக்கு ஏட்டு பாண்டி போன் செய்தார்.

“ஜெபம், வெரசா வாய்யா. மலை ரோட்டுல ஒம்பதாவது வளைவுல ஜீப்பு உருண்டுருச்சு. ஏலக்கா எடுத்துட்டு வந்த பொம்பளைக. மூணு.”

“ஏட்டய்யா, நாளைக்கு நான் வெளிநாடு கெளம்புறேன்.”

“நாளைக்குத்தான? இன்னைக்கு இங்க வா. மத்த ரெண்டு பேரும் முகூர்த்தத்துல இருக்கானுக. இருட்டிட்டு வருது.”

கிரேஸ் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஜெபகுமார் புதுக் கார்டை அதன் சின்னப் பெட்டியில் போட்டு பையின் உள்ளறையில் வைத்தார். மேசை டிராயரிலிருந்து பழைய கார்டை எடுத்து கேமராவில் சொருகினார். பூட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

பையோடு அவர் மலைப்பக்கம் போனால் ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். மலையடிவாரத்து முந்தல் டீக்கடையில் ஒருவர் கிளாசோடு எழுந்து வந்து, “எந்த வளைவுண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

“ஒம்பது.”

தூறிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு கூட்டம். ஜீப்பு பள்ளத்தில் ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தது. பதினெட்டுப் பேர் வந்தார்களாம். அடிபட்டவர்களை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். மூன்று பேர் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. விரல்களில் ஏலக்காய்க் கறை.

“போன்ல எடுத்துப் பாத்தேன், பொகையாத்தான் தெரியுது” என்றார் பாண்டி.

ஜெபகுமார் இறங்கினார். அழுத்தினார். கேமரா கார்டை ஏற்கவில்லை. எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டார். ஏற்கவில்லை. வாயால் ஊதிப் போட்டார். இல்லை.

“என்னய்யா?”

“ஒரு நிமிசம், ஏட்டய்யா.”

மூன்றாவதாகக் கிடந்தவளை அவருக்குத் தெரியும். அன்னக்கொடி. போன மாதம் எஸ்டேட்டு அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தாள். “சிரிக்கலாமாண்ணே?” என்று கேட்டாள். “அட்டைக்குச் சிரிக்கக் கூடாது ஆத்தா” என்று சொல்லி எடுத்தார். அவள் தலைமாட்டில் புருஷன் கன்னையன் குந்தியிருந்தான். தன் துண்டை அவள் முகத்துக்கு மேல் கூரை மாதிரி பிடித்திருந்தான். துண்டிலிருந்தும் சொட்டியது.

“அண்ணே, நீங்க எடுத்தாத்தான் தூக்க விடுவாகளாம். வெரசா எடுங்கண்ணே. அவ நனையுறா.”

ஜெபகுமார் பழைய கார்டை உருவிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு பையின் உள்ளறையைத் திறந்தார். சின்னப் பெட்டி எளிதில் திறக்கவில்லை, பல்லால் கடித்துத் திறந்தார்.

“துண்ட எடுப்பா” என்றார்.

ஆளுக்கு ஐந்து. ஜீப்புக்கு இரண்டு. புதுப் பிளாஷ் நன்றாக அடித்தது. மழைத்துளிகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

ஸ்டேஷனில் பாண்டி கையை நீட்டினார். “கார்டையும் குடுத்துரு. மொதல்ல எடுத்தது எங்கன்னு கோர்ட்டுல கேப்பாங்க. ஒனக்குத் திரும்பி வரும், என்னைக்குன்னு சொல்ல முடியாது.” ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்தார். ஜெபகுமார் கையெழுத்துப் போட்டார்.

வீட்டு வாசலிலேயே வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். கிரேஸ் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜீப்பு விஷயம் அவர் வருவதற்கு முன்பே அவள் காதுக்கு வந்திருந்தது.

“எந்தக் கார்டுல எடுத்தீங்க?”

“பழசுல” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பெட்டி பூட்டுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சர்ச் வாசலிலிருந்து வேன் கிளம்பியது. பாஸ்டர் ஜெபம் செய்தார். உசிலம்பட்டியில் எல்லோரும் இட்லி சாப்பிட்டார்கள். மதுரையில், தண்ணீர் வாங்குவதாகச் சொல்லி இறங்கிய ஜெபகுமார், ஒரு செல்போன் கடையில் அதே மாதிரி கார்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நம்பரை ஒன்றுக்குக் கொண்டுவர இரண்டு பொத்தானை அழுத்தினால் போதும். பெத்துராஜ் செய்ததைப் பார்த்திருந்தார். கிரேஸ் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு ரிங்ரோடு வரைக்கும் வந்தார். பிறகு கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

பதினொன்றரைக்கு ஏர்போர்ட்டு வாசலில் கிரேஸ் நின்றாள். நீலச் சேலை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபகுமார் ஒரு படம் எடுத்தார்.

“காட்டுங்க” என்றாள்.

படத்தில் தன் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பதினெட்டு.

“எத்தன பேரு?”

“மூணு.”

“நேத்துக் கேட்டேன்ல?”

“கேட்ட.”

கேமராவை அவர் கையில் கொடுத்தாள். பாஸ்டர் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். குழுப் படத்தைப் பாஸ்டரின் போனில் வாசல் காவலர் எடுத்தார். கிரேஸ் அதில் முன்வரிசையில் நின்றாள்.

சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஜெபகுமார் திறந்தார். பிளாஷ், பேட்டரி இரண்டு, சொருகி, கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். காலியான சின்னப் பெட்டி ஒன்றும் இருந்தது. விமானத்தில் கிரேஸுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் பாண்டி போன் செய்தார். மூன்று உடம்பையும் சொந்தக்காரர்களிடம் கொடுத்தாயிற்று என்றார். படங்கள் நல்ல தெளிவாக வந்திருக்கின்றன என்றும் சொன்னார்.