மொரீஷியஸ் வாடகைக் காரும் ஓட்டியவர் பெயரும்

முதல் நாள், காலை 10.50. மொரீஷியஸ் விமான நிலையத்தில் வாடகைக் கார் கவுண்டர்கள் ஒன்பது இருந்தன. எண்ணிப் பார்த்தேன். சங்கரன்கோவிலிலிருந்து மதுரைக்குக் காரில் மூன்று மணி நேரம், மதுரையிலிருந்து மும்பைக்கு ஒரு விமானம், மும்பையில் ஏழு மணி நேரக் காத்திருப்பு, மறுபடியும் ஆறு மணி நேரப் பறத்தல். இப்படி வந்து இறங்கியவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி கோமதி, அவள் தங்கை செல்வி, செல்வியின் கணவர் சண்முகவேல். கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

சண்முகவேல் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர். வயது அறுபத்தாறு, எனக்கு ஐந்து வயது இளையவர். முடி இன்னும் பாதி கருப்பு. யாரிடமும் முதல் நிமிடத்திலேயே பேசிவிடுவார். மும்பை விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கும்போது அவரைத் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தார். அதே வரிசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் அவர் மணிகூடக் கேட்கவில்லை.

எனக்கென்று இருப்பது ஒன்றுதான். சங்கரன்கோவிலில் ஓர் இன்சூரன்ஸ் கிளை அலுவலகத்தில் வாகனப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் வண்டி இடித்தால் முதல் போன் எனக்கு வரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்முகவேல் என்னிடம் கேட்டாக வேண்டும்.

காலை 11.15. நாங்கள் பதிவு செய்திருந்தது ஐந்தாவது கவுண்டரில். அங்கே மாலினி என்ற பெண் இருந்தாள். தமிழ் வம்சாவளி என்றாலும் "வணக்கம்" என்பதற்கு மேல் தமிழ் வராது. மற்றதெல்லாம் ஆங்கிலம். சின்னக் கார், ஒரு நாளைக்கு அவர்கள் பணத்தில் 1,500 ரூபாய், ஐந்து நாள். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் நிறுத்தி வைப்பார்களாம். கார்டில் இருக்கும் பெயரும் ஓட்டுநர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது சாதாரண வங்கி அட்டை. ஆகவே ஒப்பந்தம் சண்முகவேல் பெயரில் போட்டார்கள். தொடக்கமே இப்படி.

"அண்ணாச்சி, இதுல என்ன எழுதிருக்குன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். எனக்கு எலுமிச்சங்காய எண்ணத்தான் தெரியும்" என்று தாள்களை என்னிடம் நீட்டினார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். வாடகையோடு வரும் இன்சூரன்ஸில் முதல் 25,000 ரூபாய் சேதம் நம் தலையில். அதற்கு மேல் போனால்தான் அவர்கள் கொடுப்பார்கள். அதிலும் கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் சேராது. ஒரு நாளைக்கு 450 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் எல்லாம் சேரும், நம் தலையில் ஒன்றும் விழாது. கூடுதல் கட்டணத்தைக் கட்டச் சொன்னேன். இது சரியான ஆலோசனை. வெளிநாட்டில் கார் எடுக்கும் யாருக்கும் இதையே சொல்வேன். வண்டியைத் தொடும் முன்பு நாலு பக்கமும் போட்டோ எடுக்கவும் சொன்னேன். செல்வி இருபத்தொரு படம் எடுத்தாள். "அத்தான் இல்லாட்டா நமக்கு யாரு இதெல்லாம் சொல்லுவா?" என்றாள். அப்போது எனக்கு நன்றாகவே இருந்தது.

மாலினி இன்னொரு தாளை எடுத்து, "வேறு யாராவது ஓட்டுவார்களா? பெயர் சேர்க்கவா?" என்று கேட்டாள்.

நான் முந்திக்கொண்டேன். "வேண்டாம். இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். உரிமம் உள்ள யாரும் ஓட்டலாம்" என்றேன். ஏதோ சொல்ல வந்தவள், அடுத்த ஆள் கூப்பிடவே திரும்பிவிட்டாள். என் பையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்த ஓட்டுநர் உரிமம் இருந்தது.

இரண்டாம் நாள். தங்கியது பிளிக்-என்-பிளாக் என்ற கடற்கரை ஊரில். விமான நிலையத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ரூபாய் நோட்டில் தமிழில் எழுதியிருக்கிறது. கடைக்காரரிடம் அதைக் காட்டினேன், அவர் சிரித்தார், அவ்வளவுதான். சண்முகவேல் அதே கடையில் நுழைந்து ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்து, கையாலேயே விலை கேட்டு, தம் மண்டியின் படத்தைப் போனில் காட்டினார். கடைக்காரர் அவருக்கு நான்கு பழம் சும்மா கொடுத்தார். அந்த நான்கையும் காரின் நான்கு சக்கரத்தடியில் வைத்து ஏற்றிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். நின்று பார்த்த வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள், பிற்பகல் 2.20. சாமரேல் என்ற மலைப்பக்கத்து ஊரில் ஏழு நிற மண்மேடு பார்த்துவிட்டுத் திரும்பினோம். நான் ஐந்து நிறம் வரைதான் பிரித்தறிந்தேன். சண்முகவேல் ஏழையும் விரல் நீட்டிக் காட்டினார். மலை இறங்கும்போது வளைவுகள் அதிகம். பதினெட்டு வரை எண்ணினேன்.

பின் இருக்கையிலிருந்து கோமதி சொன்னாள்: "தம்பி ஓட்டுதது தெரியவே இல்ல, தண்ணி மாதிரி போகுது. இவுக ஓட்டுனா குருவிகுளம் போயிட்டு வாரதுக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுப்போகும்."

செல்வி சிரித்தாள். சண்முகவேல் சிரிக்கவில்லை. "மைனி, அந்த ரோடு அப்படி. அண்ணாச்சி என்ன செய்வாக?" என்றார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சமவெளி வந்தது. இரண்டு பக்கமும் கரும்பு, அதன் ஓரத்தில் கருங்கல் அடுக்கிய சுவர்.

"வே, வண்டிய நிறுத்தும். இனி நான் ஓட்டுதேன்" என்றேன்.

"தாராளமா ஓட்டுங்க அண்ணாச்சி. ஆனா இந்த இன்சூரன்ஸு..."

"அத என்கிட்டயே கேக்கீரு?"

"சரி சரி, கேக்கல. சாவியப் பிடிங்க."

நான்கு கிலோமீட்டர் ஒழுங்காகவே போனேன். மணி 3.05 இருக்கும். எதிரே ஒரு பஸ் வந்தது. சாலை அப்படியொன்றும் குறுகல் இல்லை. ஆனாலும் இடப்பக்கம் ஒடித்தேன். கல்சுவர் இடப்பக்கக் கண்ணாடியை உடைத்து, முன்கதவை நெடுகக் கீறிக்கொண்டு போனது. கீறல் என் கையால் ஆறு சாண். யாருக்கும் அடியில்லை. பஸ் நிற்காமல் போய்விட்டது.

மாலை 6.30. தங்குமிடத்தில் ஒப்பந்தத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். பதினோரு பக்கம். ஏழாம் பக்கத்தில் இருந்தது: ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத எவர் ஓட்டினாலும் எந்த இன்சூரன்ஸும் செல்லாது, முழுச் சேதமும் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு. நம் ஊர் பாலிசியில் உரிமம் உள்ள எவரும் ஓட்டலாம். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்த வரியை எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்! வாடகைக் காரில் அது ஆளோடு ஒட்டியது. கண்ணாடி மட்டும் உடைந்ததால் தப்பித்தோம். ஓர் ஆளை இடித்திருந்தால் சண்முகவேலின் மண்டியே போயிருக்கும்.

அவரிடம் சொன்னேன். சொல்லாமல் முடியாது.

கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இதுக்கா முகத்தத் தூக்கி வச்சிருக்கீக? நான் ஓட்டுனேன்னு சொல்லிருவோம். பேரு என் பேருதான? முடிஞ்சுது சோலி."

"ஏங்க, நீங்க வாயத் திறக்காம நின்னா போதும்" என்றாள் கோமதி.

அன்று இரவு அலுவலகத்துப் பழைய கேஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. இளையரசனேந்தல் பக்கத்து விவசாயி ஒருவர் டிராக்டர் கவிழ்ந்த கேஸில் என் மேஜைக்கு வந்தார். ஓட்டியது உரிமம் இல்லாத அவர் மகன். விபத்துக்கு முன்பே வலக்கையில் போட்டிருந்த மாவுக்கட்டோடு நின்று, "நான்தான் சார் ஓட்டுனேன்" என்றார். அவரை நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஓட்டியவர் பெயர்" என்ற கட்டத்தைத்தான் எந்தப் படிவத்திலும் முதலில் பார்ப்பேன். அங்கேதான் பொய் இருக்கும்.

ஐந்தாம் நாள், காலை 8.40. விமான நிலையத்தில் மாலினி காரைச் சுற்றி வந்தாள், படம் எடுத்தாள், படிவத்தை நீட்டினாள். சண்முகவேல் பேனாவை எடுத்துத் தேதி, நேரம், இடம் நிரப்பினார். இடத்தின் பெயரை என்னிடம் கேட்டுத்தான் எழுதினார். அடுத்த கட்டத்துக்குப் பேனா வந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்காகப் பொய் சொல்வதும் அவருக்குத் தண்ணி மாதிரி வந்தது.

"வே, பேனாவக் கொடும்."

"அண்ணாச்சி, சும்மா இருங்க."

"கொடும்னு சொல்லுதேன்."

என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, உரிமத்தையும் மேஜையில் வைத்தேன். அதில் பாதி உத்தியோகப் பழக்கம். மீதிப் பாதி, அவரிடம் ஒரு பொய்யை வாங்கிக்கொண்டு எஞ்சிய நாளெல்லாம் அவருக்கு எதிரே உட்கார என்னால் ஆகாது என்பது.

மாலினி இரண்டு முறை படித்தாள். "அன்றே பெயர் சேர்த்திருக்கலாமே. இரண்டாவது ஓட்டுநருக்கு நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. உரிமத்தைக் காட்டினால் போதும்" என்றாள்.

கண்ணாடிக்கும் கதவுக்கும் 18,400 ரூபாய். கையில் மீந்த நோட்டையும் வங்கி அட்டையையும் சேர்த்து நானே கட்டினேன். சண்முகவேல் தம் கார்டை நீட்டினார். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்து பன்னிரண்டு நாளாகிறது. காரைக் கையில் வாங்கும் முன் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். வண்டியைத் தொடப்போகும் எல்லோர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். தெரிந்தவர் என்று யாரையும் நம்பாதீர்கள், அவர் என்னைப் போன்றவராக இருந்தாலும். நம் ஊரில் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் போதும். அங்கே ஓட்டப்போவது யார் என்பதுதான் முதல் கேள்வி.

நேற்று சிவகிரியில் ஒரு கல்யாணம். பந்தியில் சண்முகவேல் என் எதிர் வரிசையில். வண்டியை இடித்தது எப்படி என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. பேனாவிலிருந்துதான் கதையைத் தொடங்கினார். "நான் எழுதப் போறேன், அண்ணாச்சி பேனாவப் பிடுங்கிட்டாக. பதினெட்டாயிரம்! வேற யாருலே செய்வா?" ஏழெட்டுப் பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒருவர் அவர் தோளைத் தட்டி, "இப்படிப் பெருமையாச் சொல்லுததுக்கு உம்ம மாதிரி ஒரு சகலை கிடைக்கணும்வே" என்றார்.

இன்னொருவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, அவருதான் பழிய ஏத்துக்கிடுதேன்னு நின்னாருல்லா? நீங்க ஏன் ஒத்துக்கிட்டீக?"

நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் சண்முகவேலே பதில் சொல்லிவிட்டார்: "முப்பத்து நாலு வருசம் மத்தவன் பொய்யப் பிடிச்சவுக, தனக்குன்னு ஒரு பொய்ய எழுத விடுவாகளாவே?" நான் சொல்லியிருக்கக்கூடியதைவிட நன்றாகவே சொன்னார்.