துரை தொட்ட தட்டும் லாயரம்மா எஸ்தரும்

"கேட்டு வாங்கினது நமக்கு உரிமையாகுமாம்மா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்காய்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் மண்டபத்தில் பெருமாள் அண்ணன் எழுந்து நின்று இப்படிக் கேட்டார். அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர் அவர். கேள்வி வழக்கறிஞர் எஸ்தர் ஞானமணி அவர்களுக்கு. எதற்கும் உடனே பதில் சொல்லிவிடும் எஸ்தர், அன்று தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். பிறகு சொன்னார்: "ஆகும்ணே. ஆனா அத கோர்ட்ல நீங்கதான் சொல்லணும்."

சென்ற வாரம் ஈப்போ சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, எஸ்தரின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கமலா என்னை அழைத்தார். "சார், லாயரம்மா காலையில தவறிட்டாங்க. ஆஸ்பத்திரியிலதான். உங்களுக்குச் சொல்லணும்னு..." நான் இரங்கல் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு. "அப்பீல் எப்பம்மா?" என்று கேட்டேன். "அடுத்த மாசம் சார்" என்றார் கமலா.

அவரைத் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

எஸ்தரும் தோட்டத்துப் பிள்ளைதான். தெலுக் இந்தான் போகும் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. ஈப்போ பழைய நகரத்தில், ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. வியாபாரப் போட்டிச் சட்டம், கூட்டாளிகளின் தகராறு, சாதாரண மக்களின் உரிமை வழக்குகள் என்று எல்லாவற்றையும் எடுப்பார். "சோறு போடுறது வியாபாரக் கேசு சார், தூக்கத்தைக் கெடுக்கிறது மத்த கேசு" என்பார்.

நான் அவரை முதலில் சந்தித்தது வியாபாரப் போட்டி வழக்கு ஒன்றினால்தான். என் மைத்துனருக்குச் சுங்காயில் கொஞ்சம் செம்பனை நிலம் உண்டு. பழக்குலைகளை வெட்டினால் உடனே விற்றாக வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். அங்கே குலை வாங்கும் நிலையங்கள் சில இருந்தன. ஒரு கட்டத்திலிருந்து மைத்துனர் எந்த நிலையத்துக்குப் போனாலும், "நீங்க அவரோட ஆளு, அங்கயே போங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். விவசாயிகளை அவர்கள் ஆளுக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் சட்டத்துக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. எஸ்தர் என்னையும் மைத்துனரையும் கீழே இருந்த கோப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே மூன்று சிறு ஒட்டுக்கடைகள் மீ கோரெங் நூடுல்ஸ் விற்றன.

"சார், மூணு பேரும் ஒரே வெலதானே விக்கிறாங்க? அது தப்பா?"

"தப்பில்லையே" என்றேன்.

"தப்பில்ல. ஒருத்தர பாத்து ஒருத்தர் வெல வைக்கலாம். ஆனா மூணு பேரும் காலையில இந்த மேசையில ஒண்ணா ஒக்காந்து, 'சாருக்கு நான் மட்டுந்தான் விப்பேன், நீ விக்காத'ன்னு பேசிக்கிட்டாங்கன்னா? அதுதான் தப்பு. நாம தேட வேண்டியது வெலய இல்ல. இந்த மேசைய."

மைத்துனர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "மேசையத் தேடுறதுக்குள்ள எம் பழம் அழுகிடும்லா" என்றார். எஸ்தர் சிரித்துவிட்டார். ஆனால் நடந்தது அதுதான். சாட்சி சொல்ல வந்த விவசாயிகள், விசாரணை நீள நீள ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். நாளைக்கு வெட்டும் குலையை யார் வாங்குவார் என்ற பயம் அவர்களுக்கு. முடிவு வருமுன்பே அந்த நிலையங்கள் தங்கள் வழக்கத்தை மெல்ல மாற்றிக்கொண்டன. வென்றோமா என்று என்னைக் கேட்டால் இன்றும் தெரியாது. பின்வாங்கியவர்களைப் பற்றி எஸ்தர் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. "சட்டம் காத்திருக்கும் சார். பழம் எப்படிக் காத்திருக்கும்?" என்றார்.

கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் சகோதரர்கள் இருவர், தொழிலைப் பிரிப்பதற்காக அவரிடம் வந்தார்கள். ஆளுக்கொரு வழக்கறிஞர் வேண்டும் என்று எஸ்தர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. இருவருக்கும் அவர்தான் வேண்டுமாம். தம்பி காலையில் வந்து அண்ணனைத் திட்டுவார். அண்ணன் மத்தியானம் வந்து, "அவன் சாப்பிட்டானாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திட்ட ஆரம்பிப்பார். கடைசியில் இருவரையும் வேறு வேறு வழக்கறிஞர்களிடம் எஸ்தரே அனுப்பிவைத்தார். அவர்கள் கோபித்துக்கொண்டு, அந்தக் கோபத்திலேயே ஒன்று சேர்ந்துவிட்டார்கள். எஸ்தருடைய இறுதிச் சடங்குக்குக் கூடாரம் போட்டவர்கள் இருவரும்தான்.

இனிப் பெருமாள் அண்ணன் கதைக்கு வருகிறேன். நான் ஆசிரியராகக் கடைசியில் பணியாற்றியது அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். அவர் பிறந்ததை அவருடைய தகப்பனார் பதியவில்லை. அதனால் இந்த நாட்டிலேயே பிறந்திருந்தும் வெகுகாலம் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார். எஸ்தர் அவருக்காக விண்ணப்பம் எழுதினார், அவர் இங்கே பிறந்ததை அறிந்த ஆளைத் தேடிப்பிடித்துச் சத்தியவாக்கு வாங்கினார், அலுவலகங்களுக்குக் கூடவே போனார். ஒரு நாள் நானும் போயிருந்தேன். கவுண்டர் முன்னால் பெருமாள் அண்ணன் முதுகை வளைத்து, இரு கைகளையும் கூப்பி நின்றார். பின்னாலிருந்து எஸ்தர் சொன்னார்:

"அண்ணே, நிமிந்து நில்லுங்க. கவுண்டர் ஒசரமாத்தான் இருக்கு. கெஞ்ச வேணாம், கேளுங்க."

குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தது. அந்த வார்த்தையையும் பெருமாள் அண்ணன் தன்னோடு கொண்டுபோய்விட்டார். தோட்டத்தில் யாராவது கும்பிடு போட்டால், "ஏ, நிமிந்து நில்லுடா. லாயரம்மா என்ன சொன்னாங்க?" என்பார். அவர் நடையே மாறியிருந்தது. பார்க்க எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு தோட்டம் கைமாறியது. புதிய நிறுவனம் ரப்பரை அழித்துவிட்டு வீடமைப்புத் திட்டம் போட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் இன்னும் குடியிருந்த குடும்பங்களைக் காலிசெய்யச் சொன்னது. அந்தப் பேச்சுக்காகத்தான் அன்று மண்டபத்தில் கூடினோம். எஸ்தர் எடுத்த வாதத்தை என் வழக்கப்படி ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், "என் நிலத்தில் நீங்கள் மாமரம் வைத்துக்கொள்ளுங்கள், வளர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அதை நம்பி நீங்கள் பல வருடம் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். நிலம் அவருடையதுதான். ஆனாலும் ஒரு நாள் திடீரென்று, "மரத்தோடு வெளியே போ" என்று சொல்ல முடியுமா? நிலம் பிறர் கைக்குப் போனாலும் அந்த வாக்கு கூடவே போக வேண்டாமா? வீடுகள் நிலைக்க வேண்டும், இல்லையென்றால் மாற்று வீடாவது வேண்டும் என்று எஸ்தர் கேட்டார். அதற்குப் பழைய நிர்வாகம் "இருந்துகொள்" என்று சொன்னதை நிரூபிக்க வேண்டும். எழுத்தில் எதுவும் கிடையாது.

ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றுமுன், தோட்டத்துப் பெரியவர்கள் மூவர் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய் வைத்த தட்டோடு துரையின் பங்களாவுக்குப் போவார்கள். நிர்வாகி எந்த இனத்தவராக இருந்தாலும் அவருக்குத் துரை என்றுதான் பெயர். படியில் நின்று, இந்த வருடமும் இங்கேயே இருந்துகொள்கிறோம் என்பார்கள். அடுக்களையை இழுத்துக் கட்ட வேண்டும், தரைக்குச் சிமெண்டு போட வேண்டும் என்பவர்களின் கோரிக்கையையும் அப்போதே சொல்லிவிடுவார்கள். துரை தட்டை வாங்கமாட்டார். விளிம்பைத் தொட்டு, "போலே, இருந்துக்கோ" என்பார்; போலே என்றால் மலாயில் ஆகட்டும். தொட்டால் சம்மதம். மறுநாளே செங்கல் வந்திறங்கும்.

தட்டு போவதை நான் பள்ளி வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். பங்களாப் படியில் என்ன பேசினார்கள் என்று கேட்டதில்லை. போன மூவரில் இருவர் காலமாகிவிட்டார்கள். துரைமாரும் இல்லை. மிஞ்சியவர் பெருமாள் அண்ணன் ஒருவர்தான்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரை அதட்டவில்லை. மிக மரியாதையாக, மலாய் மொழியில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"நீங்கள் ஊரில் மதிப்புள்ள மனிதர். தன்மானம் உள்ளவர். உங்களைப் போன்ற ஒருவர், பிறர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டேந்தி நின்றிருப்பாரா?"

பின்வரிசையில் அவருடைய மகன்கள், மருமகள்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெருமாள் அண்ணன் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நிக்க மாட்டேன்."

"அப்படியானால் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை?"

"எங்க தாத்தா காட்ட அழிச்ச எடம்யா அது. யாருகிட்ட கேக்கணும்?"

எங்களில் யாரோ மெல்லக் கைதட்டினார்கள். எனக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. எஸ்தரின் பேனா மட்டும் அசையாமல் நின்றுவிட்டது. தன் முறை வந்ததும் அவர் எழுந்தார்.

"அண்ணே, திருவிழாவுக்கு முன்னால என்ன செய்வீங்க?"

"கொடி ஏத்துவோம்மா."

"அதுக்கு முன்னால?"

"ஒண்ணுமில்லம்மா."

எஸ்தர் உட்கார்ந்துவிட்டார். தட்டைப் பற்றி அவர் தாக்கல் செய்ததை எல்லாம் அவருடைய சாட்சியே இல்லையென்று சொல்லிவிட்டார். நீதிபதி வேறு எதை நம்புவார்?

வெளியே தாழ்வாரத்தில் பெருமாள் அண்ணன் வேகமாக வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "நல்லா சொன்னேனாம்மா? நிமிந்து நின்னேன்ல?"

"நின்னீங்கண்ணே" என்றார் எஸ்தர். பெருமாள் அண்ணனின் சட்டைக் காலர் மடிந்திருந்ததைச் சரிசெய்துவிட்டார்.

காரில் திரும்பும்போது தாப்பா ஊரைத் தாண்டினோம். எஸ்தர் சொன்னார்: "அவர நிமிந்து நிக்கச் சொன்னது நாந்தான் சார். கேட்டு வாங்குறதுல கேவலம் ஒண்ணுமில்லன்னு சேத்துச் சொல்லல. மண்டபத்துல அவரு அதத்தான் கேட்டாரு. நான் கோர்ட்டுக்குன்னு தள்ளிப் போட்டுட்டேன்."

"இனி என்ன செய்யலாம்?" என்றேன்.

"தெரியல சார்." அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தீர்ப்பு எதிராக வந்தது. அதை மகன் வாசித்து விளக்கிய பிறகுதான், தான் சொன்னது என்ன செய்துவிட்டது என்று பெருமாள் அண்ணனுக்குத் தெரிந்தது. அதன்பின் அவர் எஸ்தரைப் பார்க்க வரவேயில்லை. எஸ்தர் என்னிடம் சொல்லி அனுப்பினார்: "கோவமில்லன்னு சொல்லுங்க சார்." நான் போய்ச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி, "சரி வாத்தியாரே" என்றார். அவ்வளவுதான். எஸ்தர் மேல்முறையீடு செய்தார். உடம்பு நலமில்லாததை யாரிடமும் சொல்லாமல் அதற்கான வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. மகனின் வேனிலிருந்து பெருமாள் அண்ணன் இறங்கினார். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய். வாசல் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். லூமுட்டிலிருந்து வந்திருந்த எஸ்தரின் தங்கை, "உள்ள வாங்கண்ணே" என்றார். அவர் அசையவில்லை.

"தொடுங்கம்மா."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். "விளிம்பத் தொட்டாப் போதும்மா" என்றேன். தொட்டார். அதன் பிறகே பெருமாள் அண்ணன் உள்ளே வந்தார். பெட்டியின் கால்மாட்டில் தட்டை வைத்துவிட்டு, மகன்களும் பேத்தியும் கேட்கும்படி சொன்னார்:

"இப்படித்தாம்மா போனேன், வருசா வருசம். செருப்ப கழட்டிட்டுத்தான் நின்னேன். தொர தொட்டாரு. இருந்துக்கோன்னாரு. புள்ளைங்க முன்னால சொல்ல வெக்கமாப் போச்சும்மா."

பேத்தி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்தரின் வழக்குகளை இனிப் பார்க்கப்போகும் இளம் வழக்கறிஞர் என் அருகில் நின்றார். "இத அங்க சொல்ல முடியுமா தம்பி?" என்று அவரிடம் கேட்டேன். "மேல்முறையீட்டுல புதுசா சாட்சி கேக்குறது ரொம்ப அபூர்வம் சார். அதுவும் அதே சாட்சி மாத்திச் சொன்னா..." என்று நிறுத்தினார். குற்றம் அவர் மீதில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்காத இடத்தில் உண்மை வந்து சேர்ந்திருந்தது. கேட்க வேண்டும் என்று தவித்தவர் பெட்டிக்குள் இருந்தார்.

லயத்தில் இப்போதும் விளக்கு எரிகிறது. அடுத்த மாதத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. லாயரம்மா, உங்கள் கேள்விக்கு உங்கள் சாட்சி பதில் சொல்லிவிட்டார். சத்தமாக, நிமிர்ந்து நின்றுதான் சொன்னார். இனி நீங்கள் அந்தக் கோப்புகளை மூடிவைத்துவிட்டு ஓய்வெடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், இந்த இடத்தில் குடியிருக்க அன்று யாரிடம் போய்க் கேட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் வெட்கப்பட்டுப் பேச்சை நிறுத்தினால், எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.