நான் மாற்றிச் சொன்ன சம்மதம்

முதலில் அது மண்வெட்டி பட்ட கீறல்தான். மலாயாவில் பகாவுக்கு அருகே எங்கள் தோட்டத்தில், ரப்பர் நிரைகளுக்கு இடையே மரவள்ளி நடும்போது என் மனைவி செல்லம்மாவின் இடது கணுக்காலில் பட்டது. மருந்து கிடைக்காத ஜப்பானியர் காலம். வெந்நீரில் கழுவித் துணி கட்டினோம். மூன்று மாதத்தில் அது அழுகற்புண் (சதையைத் தின்று எலும்பைக் காட்டும் புண்) ஆகிவிட்டது.

ஜப்பான் சரணடைந்த சில வாரங்களில் தோட்ட மருத்துவமனைக்கு பிரிட்டிஷ் இந்தியப் படையின் மருத்துவக் குழு வந்தது. அங்கே ஏற்கெனவே ஜப்பானியப் படையின் அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். நோயாளிகள் மிகுந்திருந்ததால் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் வேலை செய்ய விட்டிருந்தார்கள். நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்கள் ஒரே அறுவை மேசையருகே நின்றார்கள். வந்த பஞ்சாபி மருத்துவரிடம் குளோரோஃபார்ம் (நினைவிழக்கச் செய்யும் மருந்து) இருந்தது. கத்தி பிடித்த பழக்கம் ஜப்பானியரிடம் இருந்தது. இந்தியக் குழுவின் அறுவை மருத்துவர் வர இன்னும் இரண்டு நாள் ஆகும்.

இருவருக்கும் பொதுமொழி இல்லை. தோட்டக் கிராணியான (எழுத்தரான) எனக்கு ஆங்கிலம் தெரியும். அலுவலக வேலைக்காக ஜப்பானிய மொழியும் கற்றிருந்தேன். நோயாளிகளுக்கும் அவர்களுக்கும் நடுவே நானே பேசினேன்.

செல்லம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே அன்றே எடுத்துவிட வேண்டும் என்றார் ஜப்பானியர். பஞ்சாபி மருத்துவர் ஒப்புக்கொண்டு, அவளுடைய சம்மதத்தைக் கேட்கச் சொன்னார்.

"எடுத்துடச் சொல்லுங்க," என்றாள். "மரவள்ளிக்கெழங்கு உரிக்கக் காலா வேணும்?"

"ஜப்பான்காரன் வெட்டுவான்."

"யாரு வெட்டுனா என்னங்க? வலி போனாச் சரி." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கிராணியாரே, வெட்டப் போறது என் காலயா, உங்க காலயா?"

என் தம்பி ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவன், திரும்பவில்லை. அந்தக் கைகள் இவளைத் தொடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானியர் அறுப்பதை அவள் விரும்பவில்லை, இந்திய அறுவை மருத்துவருக்காகக் காத்திருப்பாள் என்றேன். ஆங்கிலத்தில் ஒருமுறை, ஜப்பானிய மொழியில் ஒருமுறை. இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை.

அவளிடம், "இன்னைக்கு மேசை காலி இல்லயாம்," என்றேன்.

இரண்டு நாள் கழித்து அறுவை மருத்துவர் வந்தபோது வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது. அவரும் பஞ்சாபி மருத்துவரும் சேர்ந்து தொடையின் நடுவே எடுத்தார்கள். குருதி நஞ்சு (கிருமி இரத்தத்தில் பரவுதல்) அதற்கு முன்பே ஏறிவிட்டது. தன்னை அவள் வெறுத்ததால்தான் தாமதமாயிற்று என்று நம்பிய ஜப்பானியர், தாம் வருந்துவதாக அவளிடம் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். அதையும் நான் சொல்லவில்லை.

காய்ச்சலின் நடுவே அவள் ஒருமுறை கேட்டாள்: "அன்னைக்கு அந்த மேசை காலியா இருந்திருக்கக் கூடாதா?"

காலை எடுத்த ஐந்தாம் நாள் இறந்தாள்.

நோயாளியின் குரலாக நிற்க நேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேருங்கள். உங்கள் வெறுப்பு நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அது அவருடைய உடல்.

எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இரண்டு கால்களும் நன்றாகவே நடக்கின்றன. இரண்டு நாள் பொறுக்கலாம் என்று எவரேனும் சாதாரணமாகச் சொன்னாலும் என் கை தானாக இடது முழங்காலுக்குப் போகிறது. அதற்குக் கீழே இருப்பதை நான் அவளிடமிருந்து எடுத்து வைத்திருப்பதாகவே உணர்கிறேன்.